ஒடுக்கு விழுந்த பெட்டி

தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசாங்கம் எந்த அகராதியைப் புரட்டிப் பார்த்ததோ தெரியாது. கடல் ஏறி வந்து தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தக் கரை மக்களைச் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்து, சரக்கு ஏற்றிய பழைய கப்பல் பெட்டிகளுக்கு சன்னல் வெட்டி அதில் குடிவைத்தார்கள். வாசலில் 'தற்காலிகக் குடியிருப்பு' என்று ஒரு பலகை. அந்தப் பலகை துருப்பிடித்து, புதுப்பலகை வந்து, அதுவும் துருப்பிடித்துவிட்டது. பெட்டியில் பிறந்தவர்கள் பெட்டியிலேயே வளர்ந்து கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். பனிமயமும் கஸ்பாரும் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

அங்கே ஒரு விதி உண்டு. யாரும் ஒரே பெட்டியில் ஊன்றிவிடக் கூடாது. ஊன்றினால் நாளைக்குப் பட்டா கேட்பார்களாம். அதனால் ஆண்டுதோறும் ஈஸ்டர் முடிந்த கையோடு 'சுற்று' வரும். இந்தப் பெட்டிக்காரர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போவார்கள், அங்கிருப்பவர்கள் அதற்கடுத்ததற்கு. பெட்டிகளுக்கு எண் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. குழாயடிப் பெட்டி, துருப்பெட்டி, நாய் குட்டி போட்ட பெட்டி, ஒடுக்கு விழுந்த பெட்டி என்றுதான் பேச்சு. ஆட்களைக்கூடப் பெட்டியை வைத்தே சொல்வார்கள். இந்த வருஷத்துக் குழாயடிக்காரி அடுத்த வருஷம் துருப்பெட்டிக்காரி ஆகிவிடுவாள். சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லாத இடத்தில், தகரத்தில் தற்செயலாக விழுந்த குறிதான் வீட்டுக்கு அடையாளம்.

ஒடுக்கு விழுந்த பெட்டி மேற்குக் கடைசியில் இருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது எதிலோ மோதி, சன்னலுக்குக் கீழே உள்பக்கமாக ஒடுங்கியிருந்தது. பிற்பகல் வெயில் மொத்தமும் அதன் மேல்தான் இறங்கும். ஒரு சுற்றில் அங்கே ஞானசெல்வி குடியிருந்தாள். அவள் மகன் ஜோவின் அந்தக் கோடையில் காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த சுற்றில் அதே பெட்டி பனிமயத்துக்கு வந்தது. போகமாட்டேன் என்று அவள் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். ஒருத்திக்காகச் சுற்றை நிறுத்த முடியுமா என்றார்கள். அந்தக் கோடையில் அவள் மகள் ஜெனிட்டா இறந்தாள். டாக்டர் காய்ச்சல் என்றார், அக்கம்பக்கம் பெட்டி ராசி என்றது. கூரைக்கு மேல் நாலு ஓலையைப் போட்டிருந்தால் இரண்டு பிள்ளைகளும் பிழைத்திருக்கும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பனிமயம் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இறால் கம்பெனி வேலைக்குப் போனவள் பாதி நாளில் திரும்பி வந்து தரையில் படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்துக் கிடந்த நேரத்தில்தான் காதம்பரி வந்தாள்.

காதம்பரி சென்னைக்காரி, பேர்பெற்ற கலைஞர். மண்ணிலும் மரத்திலும் சிலை செய்துகொண்டிருந்தவள், இப்போது நினைவை வைத்து அறைகள் செய்கிறாள். நிரந்தரமில்லாத வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், பெட்டியில் இருந்தவர்களின் நினைவு வேண்டும் என்றும் சொன்னாள். ஏமாற்றுக்காரி இல்லை. தரையில் பனிமயத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

"ஒரு நினைவ நாம எடுத்துப் பாக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகி இருக்கும்க்கா. அப்புறம்தான் திரும்ப உள்ள போய் இறுகும். இறுகறதுக்குள்ள என் மெஷின் அத வார்த்து எடுத்துடும். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், எதுவும் மறக்காது. ஆனா வேற யாருக்கோ நடந்த மாதிரி இருக்கும்."

"வலிக்காதா?"

"வலி போயிடும். அதோட சேர்ந்து வேற என்னல்லாம் போகும்னு எனக்கே முழுசாத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

பனிமயத்தின் காதில் முதல் வாக்கியத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. சரி என்றாள். ஞானசெல்வியும் கொடுத்தாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாதவன், கேட்க ஆளில்லை. கஸ்பார் மட்டும் மறுத்துவிட்டான். எம் மகளை நான் யாருக்கும் வேடிக்கை காட்டமாட்டேன் என்று சொல்லி, வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வெளியே போனான்.

வார்த்து எடுத்த அன்றே பனிமயம் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள். இறாலின் தலையைக் கிள்ளிப் போடும் கை ஒருநாளும் தவறவில்லை. மேற்பார்வைக்காரர் அவளைப் பாராட்டினார். ஜெனிட்டா எப்போது பிறந்தாள், முதலில் என்ன பேசினாள், எந்தச் சட்டையில் அடக்கம் செய்தோம் என்று கேட்டால் கடகடவென்று சொல்வாள். பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை ஒப்பிப்பது போலத்தான். சாயங்காலம் கஸ்பார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவான். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அழுது முடித்தால் சாப்பாடு போடலாம் என்று மட்டும் தோன்றும்.

ஜெனிட்டாவுக்கு வருஷ பூசை வந்தது. கோயிலில் நாலு பேர் தேம்பினார்கள். பெற்றவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊர் அவளைப் பார்த்தது. இது துக்கமான நாள் என்று பனிமயத்துக்குத் தெரியும், நாளைக்கு லீவு என்று தெரிவதைப் போல. வீட்டுக்கு வந்ததும் கஸ்பார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"ஏளா, நான் ஒருத்தனே எத்தன நாளுதான் அழ? நீ பக்கத்துல நிக்க, பஸ்ஸுக்கு நிக்க மாதிரி. எனக்கு மக போனது ஒருபக்கம். பொண்டாட்டியும் போயிட்டா. அந்தக் கண்காட்சிய மூடப் போறாவளாம். அங்க வச்சிருக்க பெட்டியெல்லாம் வெளிநாட்டுக்குப் போவுதாம். வேணும்ங்கவிய வந்து திருப்பி வாங்கிக்கிடலாம்னு சொல்லுதாவ. போயி வாங்கிட்டு வா."

"திரும்பவும் வலிக்குமே."

"வலிக்கட்டும். ரெண்டுபேருமா வலிச்சுக்கிடுவோம்."

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஆசை எதுவும் இல்லை. நியாயம் என்று தெரிந்தது, அதனால் கிளம்பினாள். ஞானசெல்வி முந்தின நாளே தனியாகச் சென்னைக்குப் போயிருந்தாள்.

கஸ்பார் சென்னைவரை கூட வந்தான், ஆனால் கண்காட்சிக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டான். பனிமயம் மட்டும் உள்ளே போனாள். உயரமான குளிர்ந்த கூடம். அதில் அவர்களுடைய பெட்டிகளைப் போலவே செய்த பெட்டிகள், இங்கொன்றும் அங்கொன்றுமாக. துருவும் கீறலும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, அதன்மேல் தலையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை. பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து, பட்டையை மாட்டி, அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் கொஞ்ச நேரம் குடியிருப்பார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போவார்கள். பத்திரிகைகள் இதை ஆகா ஓகோ என்று எழுதின. மனிதர்களின் நினைவைக் காட்சிக்கு வைக்கலாமா என்று யாரோ வழக்குப் போட்டதில், முகமும் குரலும் இருக்கக் கூடாது, கொடுத்தவர் பேரும் எங்கும் இருக்கக் கூடாது என்று தீர்ப்பாகியிருந்தது. அதனால் இங்கே இருந்ததெல்லாம் வெப்பமும் வாசனையும் தொடுகையும்தான்.

"உங்களோடது எதுன்னு என்கிட்டயும் குறிப்பு இல்ல. நீங்கதான் உட்காந்து பாத்துக் கண்டுபிடிக்கணும். அவங்கவங்களுக்குத் தெரியும்னுதான் நம்பறேன்," என்றாள் காதம்பரி. இளைத்திருந்தாள். இந்த வேலை அவளையும் சும்மா விடவில்லை போலிருக்கிறது.

வாசலருகிலேயே ஓர் ஒடுக்கு விழுந்த பெட்டி இருந்தது. உள்ளே விளக்கில்லை. முக்காலிமேல் பட்டையும் இல்லை. அது நேற்றே போய்விட்டது என்றாள் காதம்பரி. "ஒருத்தங்க வந்தாங்க. நுழைஞ்சதுமே அந்த ஒடுக்கத் தடவிப் பாத்து இதுதான்னு சொல்லிட்டாங்க. உட்காந்து பாருங்கன்னு சொன்னேன். எம் வீடு எனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க."

"இதே மாதிரி வேற பெட்டி இருக்கா?"

"அந்தக் கோடில ஒண்ணு இருக்கு. வேணும்னேதான் தள்ளி வெச்சேன். ஒரே வீடு, ரெண்டு பேரோட நினைவு. முதல்ல பாக்கும்போது யாருக்கும் புரியாது. ரெண்டாவதுக்கு வரும்போதுதான் சுருக்குனு இருக்கும்."

அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பனிமயம் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

அவளுடைய கையும் முதலில் ஒடுக்கைத்தான் தேடிப் போனது. அதே இடம், அதே ஆழம். இதுதான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எண்ணைப் பார்க்காமல் குறியைப் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு அது ஒன்று போதும். ஞானசெல்வி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், வேறெதையும் பார்க்காமல். உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று காதம்பரி சொன்னது பனிமயத்துக்கு நினைவு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள்.

முதலில் வெயில் வந்தது. தகரம் சுடுகிற வாசனை. மடியில் ஒரு கனம் ஏறி அமர்ந்தது. பிள்ளையின் முதுகு அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு கொதித்தது. வியர்வையில் நனைந்த சுருட்டை முடி அவள் தாடைக்குக் கீழே ஈரமாக ஒட்டியிருந்தது, தேங்காயெண்ணெய் மணத்தோடு. ஒரு சின்னக் கை அவள் பெருவிரலைப் பிடித்துப் பிடித்து விட்டது. எத்தனையோ காலமாக வராத அழுகை குபுக்கென்று வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளையை யாராவது கொஞ்சம் நிழலில் தூக்கிப் போங்களேன் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அழுதுகொண்டிருக்கும்போதே, பாடம் ஒப்பிக்கிற அந்த இன்னொரு பனிமயம் உள்ளேயிருந்து சொன்னாள். ஜெனிட்டாவுக்கு முதல் காய்ச்சல் கண்டதும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டோம். ஒடுக்கு விழுந்த பெட்டிக்குள் அவள் மொட்டைத் தலையோடுதான் வந்தாள். முடி முளைத்துச் சீப்பில் சிக்கும் அளவுக்கு அவள் இருக்கவில்லை.

பட்டையைக் கழற்றினாள். கனம் போய்விட்டது, அழுகையும் அந்த நொடியே நின்றது. கன்னத்து ஈரம் மட்டும் யாருடையதோ போல ஒட்டியிருந்தது. நடந்தது என்ன என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. இது ஜோவின். வாசலில் காலியாகக் கிடப்பது ஜெனிட்டா இருந்த பெட்டி. அவளை ஞானசெல்வி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காதம்பரி வெளியே காத்திருந்தாள். ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்ததை மறுபடி வார்த்து எடுக்க முடியுமா என்று பனிமயம் கேட்டாள்.

"முடியாதுக்கா. ரெண்டாம் தடவ எடுத்தா பொடிஞ்சு போயிடும். அவங்ககிட்டயும் இருக்காது, எங்கயும் இருக்காது."

"இத யாரும் கேட்டு வராட்டா?"

"நாளைக்குக் கப்பல்ல ஏறிடும். அங்க ஒரு மியூசியத்துல வெப்பாங்க." காதம்பரி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க? இது உங்களோடது இல்லையா? இல்லன்னா நான் குடுக்கக் கூடாது."

பனிமயம் ஜோவினைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் வரிசையில் குடத்துக்குள் தலையை விட்டுக் கூவுகிற சுருட்டைமுடிப் பயல். அவன் தேசம் விட்டுத் தேசம் போய், மொழி தெரியாதவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டிக்கொள்கிற பட்டைக்குள் இருக்கப் போகிறான். பெற்றவள் அவனை விட்டுவிட்டுப் போனது தெரியாமலே போயிருக்கிறாள். யாராவது ஒருத்தி தூக்கிக்கொள்ள வேண்டும், அது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. சற்றுமுன் வந்துபோன அந்த அழுகை இன்னொரு முறை வராதா என்றும் இருந்தது. இரண்டில் எது அவளைப் பேசவைத்தது என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை.

"என்னோடதுதான்," என்றாள்.

அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே கஸ்பாருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அவள் அவன் தோளில் சாய்ந்து ரோட்டிலேயே அழுதாள். ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் அழுதாள். செங்கல்பட்டு தாண்டியும் நிற்கவில்லை. எதிர்சீட்டில் இருந்த அம்மாள் என்ன ஏது என்று விசாரித்தபோது, மகள் தவறிப்போய்விட்டாள் என்று கஸ்பார் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. வழி முழுக்க அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தான். ஜெனிட்டாவின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்ததை, அதை அவள் பொறுக்கி வாயில் போட்டதைச் சொல்லி அவனும் அழுதான். பனிமயம் ஆமாம் ஆமாம் என்றாள். அவன் சொன்னது எல்லாமே அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் அழுதது தாடைக்குக் கீழே ஒட்டிய ஈர முடிக்காக. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று முறை வாயெடுத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் கை தன் முதுகில் கிடப்பதை இழக்க மனம் வரவில்லை.

தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் பிற்பகல் ஞானசெல்வி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வலது உள்ளங்கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள். உட்காரச் சொன்னான் கஸ்பார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, எங் கையில மொட்டத்தல சொரசொரன்னு இருக்கு. எம் பயலுக்கு நான் மொட்ட போட்டதே இல்ல."

"தெரியும்," என்றாள் பனிமயம்.

"வாங்கிட்டு வெளிய வந்தவொடனயே தெரிஞ்சிட்டு. திரும்பிப் போயிருக்கணும். போவலக்கா. சொன்னா புடுங்கிருவாவளோன்னு பயந்துட்டேன். மடில கெடக்கத எறக்கிவிட மனசு வரல." அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்க பிள்ளன்னு தெரிஞ்சும் வச்சுக்கிட்டேன்."

"இனி புடுங்க முடியாதாம். கேட்டேன்."

கஸ்பார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் பனிமயத்தைக் கேட்டான். "அப்ப நீ ரயில்ல அழுதது?"

"ஜோவினுக்கு."

அவன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். அடித்திருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு திரும்பி, மனைவியைப் பார்க்காமல் ஞானசெல்வியின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தான். சிறுபிள்ளை மாதிரி கேட்டான். "எம் மக எப்படியிருந்தா? சொல்லும்மா."

அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்க அவன் அத்தனை நாள் ஏங்கியிருந்தான். ஞானசெல்வியும் உட்கார்ந்தாள். சொன்னாள். பிள்ளை மடியில் படுத்து, தலையை அவள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தூங்கியதை. உடம்பு கொதிக்கும்போது வெறுந்தகரத்தில் கன்னத்தை வைத்து, அது சுட்டதும் திரும்பவும் மடிக்கே வந்ததை. கடைசியில் தலை குளிர்ந்துபோனதை அந்தக் கை முதலில் அறிந்ததை. கஸ்பார் குலுங்கி அழுதான். ஞானசெல்வியும் அவனோடு சேர்ந்து அழுதாள், பெற்றவள் அழுவதைப் போலவே. பனிமயம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் ஞானசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டிய முறைக்காகக் கேட்பவளைப் போல, "எம் பய எப்படிக்கா இருந்தான்?" என்றாள்.

"ஒம் பய..." என்று தொடங்கினாள் பனிமயம். "தலையெல்லாம் நனஞ்சு கெடந்தான் ஞானம். எம் பெருவெரல விடவே இல்ல. பிடிப்பான், விடுவான், திரும்பப் பிடிப்பான். விட்டா எங்க போயிருவேனோன்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மனைவி இப்படி அழுவதைப் பார்க்கத்தான் கஸ்பார் சென்னைவரை போய் வந்தான். பக்கத்தில் போவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் தரையிலேயே நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஞானசெல்வி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் காய்ந்திருந்தது.

"பெறவு?" என்றாள்.